உரிய நாளில் நோயறிதல்: குதிரையிலும் மனிதரிலும் எலிக்காய்ச்சல்

கொச்சி மாநகரின் மேற்கே, காயலுக்கும் அரபிக்கடலுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த நிலப்பகுதியில் அமைந்துள்ளது மட்டாஞ்சேரி. மிளகு, ஏலம், சுக்கு, மஞ்சள், அரிசி, கொப்பரை ஆகிய பண்டங்கள் பல நூற்றாண்டுகளாக இங்கு ஏற்றப்பட்டும் இறக்கப்பட்டும் வந்துள்ளன. காயற்கரையை ஒட்டி நிற்கும் கிடங்குகளை அவ்வூர் மக்கள் பாண்டிகசாலை என வழங்குவர். மிளகு முன்பேர வணிகத்திற்கென 1957ஆம் ஆண்டிலேயே இங்கு ஒரு சங்கம் தோன்றியது. வணிகத்தின் பெரும்பகுதி இன்று வேறிடங்களுக்குப் பெயர்ந்துவிட்டது; பாண்டிகசாலைகள் சில பழம்பொருள் அங்காடிகளாக மாறிவிட்டன. எனினும் கிடங்கும் மூட்டையும், மூட்டை சுமப்போரும், மழைக்காலத்தில் நிரம்பி வழியும் சாக்கடையும், இவற்றினூடே வாழும் எலியும் பெருச்சாளியும் அவ்வூரை விட்டு நீங்கவில்லை.

ஏற்றுமதிச் சரக்கின் தூய்மைக்கு இறக்குமதி நாடுகள் விதிக்கும் கட்டுப்பாடுகள் கடுமையானவை. அமெரிக்க நறுமணப்பொருள் வணிகச் சங்கத்தின் தர அளவின்படி ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 454 கிராம், கருமிளகில் எலி முதலிய பாலூட்டிகளின் எச்சம் 1 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. அந்த மிளகு மூட்டையைச் சுமப்பவர் வெறுங்காலுடன் நிற்கும் தண்ணீரில் எலியின் சிறுநீர் எவ்வளவு கலந்திருக்கலாம் என்பதற்கு எவரும் வரம்பு விதித்ததில்லை. சரக்கு காய்ந்திருக்கும் வரை அதனால் நோய் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. நனைந்த தரையும், நனைந்த சாக்கும், தேங்கிய நீருமே நோய்க்கு வழி திறக்கின்றன.

லெப்டோஸ்பைரோசிஸ் என மருத்துவ நூல்கள் குறிப்பிடும் இந்நோய் தமிழில் எலிக்காய்ச்சல் என்றும் மலையாளத்தில் எலிப்பனி என்றும் வழங்கப்படுகிறது. கேரளத்தில் தொற்றுநோய்களால் நேரும் இறப்புகளில் அண்மை ஆண்டுகளில் முன்னணியில் நிற்பது இதுவே. 2015இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 இலட்சத்து 30 ஆயிரம் பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். அவர்களுள் சுமார் 58,900 பேர் இறக்கின்றனர். இத்தனைக்கும் இதற்குரிய மருந்துகள் புதியனவும் அல்ல, அரியனவும் அல்ல. நோயாளி உரிய நாளில் மருந்தைப் பெறுவதில்லை என்பதே குறை. எந்த நாளில் எந்தப் பரிசோதனை பயன்தரும், எந்த நாளில் பயன்தராது என்ற தெளிவு மருத்துவமனை வாயிலிலும் அலுவலகக் கோப்பிலும் இல்லாமற்போவது இக்குறைக்கு முக்கிய காரணமாகும். இத்தெளிவைப் பெறக் குதிரையின் நோய் வரலாறு மிகுந்த துணை புரிகிறது.

கிருமியின் வரலாறு

காமாலை, சிறுநீரகக் கோளாறு, மண்ணீரல் வீக்கம் ஆகியவை கூடிய கடுங்காய்ச்சல் ஒன்றை ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் அடால்ஃப் வைல் என்னும் மருத்துவர் 1886இல் விவரித்தார். அந்நோயின் கடுமையான வடிவம் இன்றும் வைல் நோய் என்றே அழைக்கப்படுகிறது. நீர் கசியும் சுரங்கங்களில் வேலை செய்த ஜப்பானிய நிலக்கரித் தொழிலாளரிடையே பரவிய காய்ச்சலை ஆராய்ந்த இனாடாவும் இடோவும் 1915இல் கிருமியைக் கண்டறிந்தனர். நூல்போல் மெலிந்து, இறுகச் சுருண்டு, முனையில் கொக்கிபோல் வளைந்த நுண்ணுயிர் அது. இந்தியாவில் அந்தமான் தீவுகளில் டெய்லரும் கோயலும் இதனைப் பிரித்தெடுத்து 1931இல் ஆய்வறிக்கை வெளியிட்டனர். அதே தீவுகளில் 1988 முதல் மழைக்காலந்தோறும் தோன்றி, நுரையீரலில் குருதிக் கசிவை உண்டாக்கி உயிர்களைப் பறித்த 'அந்தமான் குருதிப்போக்குக் காய்ச்சல்' என்பதும் எலிக்காய்ச்சலே எனப் பிற்பாடு மெய்ப்பிக்கப்பட்டது. ஏற்கெனவே கண்டறியப்பட்ட கிருமி, அரை நூற்றாண்டுக்குப் பின் அதே தீவில் வேறு பெயரில் உலவியது கருதத்தக்கது.

இக்கிருமியில் 200க்கும் மேற்பட்ட ஊநீர் வகைகள் உள்ளன. ஒவ்வொரு வகைக்கும் தனக்கென இசைந்த விலங்கு ஒன்றேனும் உண்டு. எலிக்கு இசைந்த வகை அதன் சிறுநீரகத்தில் குடியேறி, அதற்குத் தீங்கு செய்யாமல் நெடுநாள் சிறுநீரோடு வெளிப்படுகிறது. மாடு, பன்றி, நாய் ஆகியனவும் தத்தமக்குரிய வகைகளைச் சுமக்கின்றன. தனக்கு இசையாத வகை புகும்போதுதான் உடல் கடுமையாக நோயுறுகிறது. மனிதர் எவ்வகைக்கும் இசைந்தவர் அல்லர். ஆகவே நோய் கடுமையாகிறது.

தண்ணீரின் பங்கு

உடலை விட்டு வெளியேறிய கிருமி ஈரமான மண்ணிலும், ஓரளவு காரத்தன்மையுள்ள நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிர் வாழும். உலர்வும், அமிலமும், கடுவெயிலும், கடல்நீரின் உப்பும் அதற்குப் பகை. இவ்வுண்மையைக் கொச்சியின் நில அமைப்போடு இணைத்துக் காண்பது பயனுள்ளது. கோடையில் கடல்நீர் காயலுக்குள் நெடுந்தொலைவு ஏறி நிற்கிறது. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பெரியாறும் ஏனைய ஆறுகளும் கொண்டுவரும் வெள்ளம் அவ்வுப்பைக் கடலுக்குத் தள்ளிவிட, கழிமுகத்தின் மேல்மட்ட நீர் ஏறக்குறைய நன்னீராகிறது. அதே மாதங்களில்தான் ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்து, வளைகளில் நீர் புகுந்து எலிகள் மேடான கிடங்குகளையும் வீடுகளையும் நாடுகின்றன. கல்வத்திக் கால்வாய், இராமேசுவரம் கால்வாய் போன்ற பழைய நீர்வழிகள் வண்டலாலும் கழிவாலும் தூர்ந்திருப்பதால், கடல் ஓதம் ஏறும் வேளையில் சாக்கடை நீர் வடியாது தெருவில் தேங்குகிறது. கிருமிக்குத் தேவையான ஈரமும், நன்னீரும், எலியும், மனிதரின் வெறுங்காலும் இவ்வாறு ஒரே பருவத்தில் ஒன்றுகூடுகின்றன. மட்டாஞ்சேரித் தெருக்களில் தடையின்றித் திரியும் ஆடுகளையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தோலில் உள்ள சிறு கீறல், நீரில் ஊறித் தளர்ந்த தோல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வு ஆகியவையே கிருமி புகும் வாயில்கள்.

குதிரை கற்பிப்பது

கொச்சியில் குதிரைகள் மிகுதியாக இல்லை. சென்னை மெரினா கடற்கரையிலும், கொடைக்கானல் ஏரிக்கரையிலும், உதகையிலும் சவாரிக் குதிரைகளைக் கொண்டு பிழைப்போர் உள்ளனர். பந்தயக் குதிரை இலாயங்களும், படைப்பிரிவுகளும், ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையமும் உள்ளன. இருப்பினும் எலிக்காய்ச்சலைக் கற்கும் மாணவர் குதிரையை அறிந்துகொள்வது அவசியம். நோயின் வெவ்வேறு கட்டங்கள் எவ்வளவு கால இடைவெளியில் வெளிப்படக்கூடும் என்பதைக் குதிரையைப்போல் தெளிவாகக் காட்டும் விலங்கு வேறில்லை.

தொற்றுக்கு உள்ளாகும் குதிரைகளுள் பெரும்பாலானவை நோயின் அறிகுறி எதனையும் காட்டுவதில்லை. சில குதிரைகள் இரண்டு மூன்று நாள் காய்ச்சலுற்று, தீனி குறைத்து, சோர்ந்து நின்று, பின் தாமாகவே தேறுகின்றன. இலாயக்காரர் இதனை வெயிற்சோர்வு என்றோ தீனிக்கோளாறு என்றோ கருதி விட்டுவிடுவது இயல்பு. மிகச் சிலவற்றில், குறிப்பாகக் குட்டிகளில், காமாலையும், சிவந்த சிறுநீரும், சிறுநீரகச் செயலிழப்பும், மூச்சுத்திணறலும் காணப்படும். சினைக்குதிரையாயின் காய்ச்சல் வந்து சென்ற சில வாரங்களுக்குப் பின், பெரும்பாலும் சினையின் பிற்பாதியில், கரு சிதையும். அவ்வாறு கரு சிதைந்த குதிரை அதன்பின் இரண்டு மூன்று மாதம் வரை சிறுநீரில் கிருமியை வெளியேற்றக்கூடும்.

இவற்றிற்கெல்லாம் பின்னர் வருவது கண்நோய். தொற்று நேர்ந்து பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலும் கடந்தபின், குதிரையின் ஒரு கண் அல்லது இரு கண்களும் நீர் வடிந்து, ஒளி கூசி, இமை மூடிக்கொள்ளும். கண்மணி சுருங்கும், விழியின் உட்பகுதி கலங்கும். சில நாட்களில் வேதனை தணிந்து, கண் தெளிந்ததுபோல் தோன்றும். சில வாரங்களோ மாதங்களோ சென்றபின் மீண்டும் தோன்றும். ஒவ்வொரு முறையும் சிறிது சேதம் தங்கிவிட, இறுதியில் பார்வை போய்விடுகிறது. திரும்பத் திரும்ப வருவதால் இந்நோய் நிலவின் வளர்பிறை தேய்பிறையோடு இணைந்தது என ஐரோப்பியர் முற்காலத்தில் நம்பி, 'நிலவுக் குருடு' என்னும் பொருளில் பெயரிட்டனர். ஜெர்மானிய ஆய்வாளர் ரிம்பாவ் 1947இல் இக்கண்நோயை லெப்டோஸ்பைராக் கிருமியோடு தொடர்புபடுத்தினார். உலகில் குதிரைகள் பார்வையிழப்பதற்கு முதன்மைக் காரணமாக இக்கண்நோய் கருதப்படுகிறது. எல்லாக் குதிரைகளிலும் இதற்கு லெப்டோஸ்பைரா காரணம் அன்று. எனினும் பெரும்பங்கு அதற்குண்டு.

குதிரைக்கு நேர்வது மனிதருக்கும் நேரும் என்பதைத் தமிழ்நாடே உலகிற்கு எடுத்துக்காட்டியது. 1993ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தென்மாவட்டங்களில் பெருமழையும் வெள்ளமும் ஏற்பட்டன. 1994இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு விழியின் உள் அழற்சியோடு வழக்கத்திற்கு மாறாகப் பலர் வரத்தொடங்கினர். அவர்களுள் 73 பேரைப் பற்றிய ஆய்வு 1997இல் வெளியாயிற்று. அழற்சிக்குக் காரணம் முந்தைய எலிக்காய்ச்சல் என்பது அதனால் தெளிவாயிற்று. வெள்ளம் வடிந்து, காய்ச்சல் நீங்கி, நிவாரணக் கணக்கும் முடிக்கப்பட்ட பின்னரே கண் பழுதுற்றது. குதிரையின் கண்நோயை அறிந்த மருத்துவருக்கு இக்காலதாமதம் வியப்பளித்திராது.

பரிசோதனையும் நாட்கணக்கும்

தொற்று நேர்ந்த நாளிலிருந்து காய்ச்சல் தோன்றுவதற்கு மனிதரில் 2 முதல் 30 நாட்கள் வரை ஆகலாம். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள். காய்ச்சலின் முதல் வாரத்தில் கிருமி குருதியில் சுற்றுகிறது. அந்நாட்களில் உடல் இன்னும் போதிய எதிர்ப்பொருளை உண்டாக்கியிருப்பதில்லை. ஐந்தாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே எதிர்ப்பொருள் தோன்றத் தொடங்குகிறது. கிருமி குருதியை விட்டு மறைந்து, சிறுநீரகத்தில் தங்குகிறது. இரண்டாம் வாரத்திலிருந்து அது சிறுநீரில் காணப்படும். கண்ணின் உட்பகுதியில் தங்கிய கிருமி குருதிக்கும் சிறுநீருக்கும் அப்பால் மறைந்திருக்கிறது.

பொது மருத்துவமனைகளில் பெரிதும் கையாளப்படும் எலிசா பரிசோதனை எதிர்ப்பொருளைத் தேடுவது. மூன்றாம் நாளில் வரும் நோயாளியின் குருதியில் எதிர்ப்பொருள் இராது. பரிசோதனை முடிவு 'இல்லை' என வரும். அம்முடிவு எதிர்ப்பொருள் இல்லை என்பதையே கூறுகிறது. நோய் இல்லை என்று கூறவில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் நோயாளியை வீட்டிற்கு அனுப்பினால், எட்டாம் நாளில் அவர் காமாலையோடும் சிறுநீர் தடைப்பட்டும் திரும்பி வர நேரிடும். முதல் வாரத்தில் பயன்படுவது கிருமியின் மரபுப்பொருளையே தேடும் பி.சி.ஆர். பரிசோதனை. அது குருதியில் செய்யப்பட வேண்டும். மருந்து தொடங்குமுன் குருதி எடுக்கப்பட வேண்டும்.

உறுதி செய்யும் பரிசோதனையாக உலகெங்கும் ஏற்கப்பட்டிருப்பது, நுண்ணோக்கித் திரட்டுச் சோதனை. 1918இல் மார்ட்டின், பெட்டிட் என்னும் இருவர் வகுத்த முறை இது. நோயாளியின் ஊநீரைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, ஒவ்வொரு படியிலும் உயிருள்ள கிருமியோடு கலந்து, இருட்புல நுண்ணோக்கியில் பார்ப்பர். எதிர்ப்பொருள் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று திரண்டு ஒட்டும். எவ்வளவு நீர்த்த நிலையிலும் திரள்கின்றன என்பதே அளவு. இதற்குப் பல வகைக் கிருமிகளை ஆண்டு முழுவதும் உயிரோடு வளர்த்துவர வேண்டும். ஓர் ஊரில் நிலவும் வகை அத்தொகுப்பில் இல்லையெனில் விடை தவறக்கூடும். ஆகவே இச்சோதனையைச் செய்யும் ஆய்வுக்கூடங்கள் சிலவே. போர்ட் பிளேயரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையமும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் லெப்டோஸ்பைரோசிஸ் ஆய்வுக்கூடமும் இத்துறையில் பெயர்பெற்றவை.

குதிரையில் இச்சோதனையின் பொருள் மேலும் சிக்கலானது. நோயற்ற குதிரைகளிலும், முன்னர் எப்போதோ நேர்ந்த தொற்றின் அடையாளமாக, எதிர்ப்பொருள் காணப்படுவது வழக்கம். ஒருமுறை எடுத்த ஊநீரைக்கொண்டு மட்டும் இப்போதைய காய்ச்சலுக்குக் காரணம் கூற இயலாது. இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இருமுறை ஊநீர் எடுத்து, அளவு நான்கு மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். கரு சிதைந்த நிலையில் தாயின் ஊநீரோடு கருவின் சிறுநீரகம், நஞ்சுக்கொடி ஆகியவற்றையும் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். இலாயத்தைத் துப்புரவு செய்யும் அவசரத்தில் இவை எறியப்பட்டுவிட்டால் விடை கிடைக்காது. சிறுநீரில் கிருமியைத் தேடும்போது, சிறுநீர்ப் பெருக்கி மருந்தொன்றை முதலில் செலுத்தி, ஒருமுறை கழிந்தபின் வரும் சிறுநீரைப் பிடிப்பது நல்ல பலன் தரும். கண்நோயில் ஊநீரைக் காட்டிலும் விழிநீரில் எதிர்ப்பொருள் மிகுந்திருப்பின், கிருமி கண்ணுக்குள்ளேயே குடியிருக்கிறது எனக் கொள்ளலாம். ஊநீரில் எதிர்ப்பொருள் இன்றி விழிநீரில் மட்டும் காணப்படும் குதிரைகளும் உண்டு.

சிகிச்சை

கடும் நோயுற்ற குதிரைக்குப் பென்சிலின், ஆக்சிடெட்ராசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியன கொடுக்கப்பட்டு வந்துள்ளன. ஆக்சிடெட்ராசைக்ளின் உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் என்ற அளவில் சிரைவழி மெல்லச் செலுத்தப்படும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது இதுவும் ஸ்ட்ரெப்டோமைசினும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். ஆகவே முதலில் சிரைவழி நீர்மம் ஏற்றுவது முறை. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மனிதருக்குச் சிறந்த மருந்தான டாக்சிசைக்ளினைக் குதிரைக்குச் சிரைவழி செலுத்தினால் இதயமும் குருதி ஓட்டமும் நிலைகுலைந்து குதிரை உடனே இறக்கக்கூடும். வாய்வழியே மட்டுமே அது ஏற்றது. ஒரே கிருமி, ஒரே மருந்து என்ற எண்ணத்தில் மனித மருத்துவரின் சீட்டை இலாயத்திற்கு எடுத்துச் செல்லலாகாது.

கண்நோய்க்குச் சிகிச்சை வேறு. கருவிழியில் புண் இல்லை என்பதைப் புளோரசீன் சாயத்தால் முதலில் உறுதி செய்துகொண்டு, அழற்சி தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும், கண்மணியை விரிக்கும் அட்ரோபினும், வலியும் வீக்கமும் தணிய புளூனிக்சினும் அளிப்பர். புண் இருக்கையில் ஸ்டீராய்டு இட்டால் கண்ணையே இழக்க நேரும். அட்ரோபின் மிகுந்தால் குடல் அசைவு குன்றி வயிற்றுவலி காணும். எனவே குதிரையின் சாணத்தையும் கவனித்து வர வேண்டும். கிருமி கண்ணுக்குள் தங்கிய குதிரைகளில் விழியின் கலங்கிய உட்கூழை அறுவையால் அகற்றும் முறை ஜெர்மனியில் வளர்ந்தது. கண்ணுக்குள் மெல்லக் கசியும் சைக்ளோஸ்போரின் வில்லையைப் பதிக்கும் முறை அமெரிக்காவில் கையாளப்படுகிறது. இவை யாவும் செலவு மிக்கவை; சவாரிக் குதிரை ஒன்றை நம்பி வாழ்பவருக்கு எட்டாதவை. பொமோனா என்னும் வகைக்கு எதிராகக் குதிரைகளுக்கென ஒரு தடுப்பூசி 2015இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. ஒரு வகைக்குரிய தடுப்பூசி மற்றொரு வகையைத் தடுக்கும் என எதிர்பார்க்க இயலாது.

மனிதரில் தொடக்க நிலையில் உள்ள பெரியவர்களுக்கு டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம் நாளொன்றுக்கு இருமுறை, ஏழு நாட்கள். கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அமாக்சிசிலின் போன்ற மாற்று மருந்துகள். நோய் முற்றியவர்க்குப் பென்சிலினோ செஃப்ட்ரியாக்சோனோ ஊசிவழி. சிறுநீரகம் செயலிழந்தோருக்குக் குருதிச் சுத்திகரிப்பும், நுரையீரல் பாதிக்கப்பட்டோருக்கு மூச்சுக்கருவியும் தேவைப்படும். டாக்சிசைக்ளின் மாத்திரை ஒன்றின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலைக்கும் குறைவு. அரசு மருத்துவமனைகளில் அதுவும் இலவசம். இரண்டாம் வாரத்துச் செலவோ தீவிர சிகிச்சைப் பிரிவின் செலவு.

தொழிலாளியின் கணக்கு

எனினும் முதல் வாரத்தில் மருத்துவமனைக்கு வருவோர் குறைவாக இருப்பதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் 'சாப்பா' என்னும் உலோக வில்லைகளைக் கூட்டத்தின்மீது வீசி, அதைப் பிடித்தவருக்கே அன்றைய வேலை என்ற வழக்கம் இருந்தது. அம்முறைக்கு எதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வில்லை வீசும் வழக்கம் ஒழிந்தது. 1978இல் கேரளச் சுமைத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டு, பதிவு பெற்ற தொழிலாளருக்கு நலத்திட்டங்கள் அமைந்தன. பதிவு பெறாத கூலியாட்கள், சாக்கடை துப்புரவு செய்வோர், வெளிமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் ஆகியோருக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாமை ஒரு நாள் கூலி இழப்பே. தலைவலியும், கெண்டைக்கால் சதை வலியும், கண் சிவப்பும் கூடிய காய்ச்சல் கண்டவர் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றை விழுங்கி மறுநாளும் மூட்டை தூக்குகிறார். சுமை தூக்குபவருக்கு உடல்வலி புதிதன்று என்பதால் நோயின் மிக முக்கியமான அறிகுறியே மறைந்துவிடுகிறது. மூன்று நான்கு நாட்களில் காய்ச்சல் தணியவும் கூடும். அத்தணிவு நோயின் முதற்கட்டம் முடிந்து இரண்டாம் கட்டம் தொடங்கும் இடைவெளியே என்பதை அவர் அறியார்.

ஆகவே சோதனை முடிவுக்குக் காத்திராமல், தொழிலையும், நீரில் நின்ற வரலாற்றையும், பருவத்தையும் கேட்டறிந்து மருந்து தொடங்குவதே சரியான நெறி. ஃபெயின் என்னும் அறிஞர் அறிகுறிக்கும் தொடர்புக்கும் தனித்தனியே மதிப்பெண் அளித்து நோயைக் கணிக்கும் முறையை வகுத்தார். சென்னை மருத்துவர்கள் அதில் மழைப்பொழிவையும் ஒரு சான்றாகச் சேர்த்து, நம் நாட்டு நிலைமைக்கேற்பத் திருத்தினர். ஆய்வுக்கூடம் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு இது உகந்தது. காய்ச்சலோடு வரும் தொழிலாளியிடம் 'நீர் என்ன வேலை செய்கிறீர், காலில் புண் உண்டா' என்ற இரண்டு வினாக்களைக் கேட்க எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

புள்ளிவிவரங்களைக் கையாளும் அலுவலர்கள் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கேரளச் சுகாதாரத் துறையின் அறிக்கைகளில் 'உறுதி செய்யப்பட்டவை', 'ஐயத்திற்குரியவை' என இறப்புகள் இரு பத்திகளாகத் தரப்படுகின்றன. உறுதி செய்வதற்குப் பெரும்பாலும் இரண்டாம் வாரத்துக் குருதி வேண்டும். முதல் வாரத்திலேயே இறந்தவரிடமிருந்து அதனைப் பெற முடியாது. ஆகவே மிக விரைவாக உயிர் பறித்த நோயே மிக எளிதாக ஐயப்பத்தியில் ஒதுங்குகிறது. முதற்பத்தியை மட்டும் கூட்டி ஒரு வட்டாரத்திற்கு மருந்தும் பணியாளரும் ஒதுக்கும் திட்ட அலுவலர், நோயின் கடுமையைக் குறைத்து மதிப்பிடும் பிழைக்கு ஆளாவார். இரு பத்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒவ்வோர் இறப்பிலும் காய்ச்சல் தொடங்கிய நாள், முதல் மருந்து கொடுத்த நாள் ஆகிய இரண்டும் பதிவாக வேண்டும். இவ்விரு தேதிகளுக்கு இடைப்பட்ட நாட்களே திட்டத்தின் வெற்றி தோல்விக்கு அளவுகோல்.

தடுப்பு முறைகள்

பனாமாக் காடுகளில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர் 940 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 1984இல் வெளியாயிற்று. வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் உண்டவருள் ஒருவரும், வெறும் மாத்திரை உண்டவருள் 20 பேரும் நோயுற்றனர். அவ்வீரர்கள் மூன்று வாரமே காட்டில் இருந்தனர். நோய் நிலையாகத் தங்கிய அந்தமானில் பின்னர் நடந்த சோதனையில் மருந்து தொற்றைத் தடுக்கவில்லை. நோயாக முற்றுவதையே குறைத்தது. இரண்டிற்கும் முரண்பாடு இல்லை. குறுகிய காலம் வெள்ளத்தில் இறங்குவோருக்கு இம்மருந்து தக்க காப்பு. ஆண்டு முழுவதும் சேற்றில் நிற்பவருக்கு அதுவே தீர்வு ஆகாது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் 400க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்தின்போது, மீட்புப் பணியிலும் துப்புரவுப் பணியிலும் ஈடுபட்டோருக்கு இம்மாத்திரை பரவலாக வழங்கப்பட்டது. அதன்பின்னும் வெள்ளம் வடிந்த வாரங்களில் எலிக்காய்ச்சல் பரவியது. மாத்திரையைப் பெற்றோர் எல்லோரும் அதனை உண்ணவில்லை என்பது களத்தில் பணியாற்றியோர் கூறிய குறை. அரசு மருத்துவமனைகளில் இம்மாத்திரை வழங்கவெனத் தனி முனையங்கள் அமைக்கப்பட்டுள்ளன.

மட்டாஞ்சேரி போன்ற இடத்தில் மாத்திரைக்கு முந்திய பணிகள் பல உள்ளன. பாண்டிகசாலையின் தரையைச் சிமென்டினால் உயர்த்துதல், வடிகால் வாய்களுக்கு வலை இடுதல், சிந்திய தானியத்தை அன்றன்றே அகற்றுதல், முழங்கால் வரையிலான ரப்பர் காலணி வழங்குதல் ஆகியவை அவற்றுட் சில. எலியை நஞ்சிட்டுக் கொல்வதால் மட்டும் பயனில்லை. உணவும் வளையும் இருக்கும் வரை அவ்விடத்தைப் பிற எலிகள் சில மாதங்களில் நிரப்பிவிடும். ரப்பர் காலணி நல்லதே, ஆனால் ஈரம் பாய்ந்த பலகையில் மூட்டையோடு ஏறுபவர் வழுக்கி விழும் அச்சத்தால் அதைக் கழற்றிவிடுகிறார் என்பதையும் கொள்முதல் செய்யும் அலுவலர் நினைவில் கொள்ள வேண்டும். அடிப்பகுதி வழுக்காத காலணியே வாங்கப்பட வேண்டும்.

கால்நடைத் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் இடையே செய்தி செல்லும் வழி இன்னும் சீர்பட வேண்டியுள்ளது. ஒரு தொழுவத்தில் பசுவுக்கோ ஆட்டுக்கோ கரு சிதைந்தால், திடீரெனப் பால் குறைந்தால், அல்லது ஓர் இலாயத்தில் குதிரையின் கண் கலங்கினால், அத்தொழுவத்தில் பால் கறப்பவரும் சாணம் அள்ளுபவரும் அதே கிருமிக்கு ஆளாகியிருக்கக்கூடும். கால்நடை மருத்துவர் ஆய்வுக்கு அனுப்பும் சீட்டின் நகல் ஒன்று அவ்வட்டாரச் சுகாதார ஆய்வாளருக்கும் செல்லுமானால், அவ்வீட்டாரின் காய்ச்சலை முதல் நாளிலேயே வேறு கண்கொண்டு பார்க்க இயலும். மட்டாஞ்சேரியிலிருந்து மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்த ஊநீர்க் குப்பி காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் அங்குச் சென்றுசேரும். அதன் நகல் சீட்டுக்குப் பனிக்கட்டியும் தேவையில்லை.